அப்பாவின் நீர்மோர்ப் பானை

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையிலேயே மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூருக்கு நடந்து போய்விட்டோம், நானும் மகளும். அறுபத்துமூவர் புறப்பாடு பிற்பகலில்தான். ஆனால் பூம்பாவை உயிர்பெறும் ஐதீகத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

குளக்கரையில் நல்ல கூட்டம். பாம்பு தீண்டி இறந்த மகள் பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காத்திருந்தார் சிவநேசச் செட்டியார். ஓதுவார் பாடிக்கொண்டிருந்தது, அந்தக் குடத்தின் முன் நின்று 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகம். ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம் என்று மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் 'காணாதே போதியோ பூம்பாவாய்' என்று கேட்கிறார். திருவிழா பார்க்க வா என்றுதான் அந்தப் பெண்ணை எழுப்புகிறார்! கடலோரம் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்த பிறகும் இந்தப் பாட்டு அழியவில்லை. பக்கத்தில் மகள் ஓதுவாரோடு சேர்ந்து முணுமுணுத்தாள். 17 வயது. நான் ஒரு வரி சொல்லிக் கொடுத்ததில்லை. கைப்பேசியில் கேட்டுக் கேட்டே மனப்பாடம்.

எங்கள் வீட்டில் பக்தி வரிசையாக இறங்கி வரவில்லை. ஆயா வெள்ளிக்கிழமை கற்பகாம்பாளைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அவர் பெற்ற பிள்ளை, என் அப்பா, பெரியார் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். கோயிலுக்குள் கால் வைக்கமாட்டார். ஆயா ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. ஆனால் அறுபத்துமூவர் அன்று ஆயா மாட வீதியில் கொடுக்கும் நீர்மோருக்குப் பானை தூக்கி வருவது அப்பாதான். ஆயா போன பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. பெரிய மண்பானை, சுற்றிலும் ஈரச்சாக்கு, இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்ட மோர், மேலே கறிவேப்பிலை. "வெயில்ல வர்றவங்களுக்குத் தாகம் எடுக்குது, அவ்ளோதான்" என்பார். நாயன்மார் பல்லக்கு வரும்போது கும்பிடமாட்டார். ஆனால் குவளையைக் கீழே வைத்துவிடுவார். பல்லக்கு கடக்கும்வரை யாருக்கும் ஊற்றமாட்டார்.

அதைப் பக்தி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும், "இந்தக் காலத்துல யாருக்கு சாமி நம்பிக்கை இருக்கு?" என்று கோயில் வாசலில் யாராவது அலுத்துக்கொண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை. எதை வைத்து அளக்கிறார்கள்? இதே மயிலையில் பிறந்த வாயிலார் நாயனார் வாய் திறக்காமலே, மறவாத நினைவையே கோயிலாக்கி, ஆனந்தத்தால் நீராட்டி, அன்பை அமுதாகப் படைத்தார் என்கிறது பெரியபுராணம். அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

பிற்பகலில் புறப்பாடு தொடங்கியது. அப்பாவுக்கு இப்போது 78. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பேத்தி மோர் ஊற்றினாள். பல்லக்குகள் நெருங்கியதும் யாரும் சொல்லாமலே குவளையைக் கீழே வைத்தாள்.

"தாத்தா, அதோ அந்தப் பல்லக்குல நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கார். வாயிலார்."

"என்ன பாடினாராம்?"

"ஒண்ணும் பாடல தாத்தா. மனசுக்குள்ளயே கும்பிட்டார்."

அப்பா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். பல்லக்கு வீதி முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பானைக்குள் எட்டிப் பார்த்து, "அடியில கொஞ்சம்தான் இருக்கு. போய் இன்னும் தயிர் வாங்கிட்டு வா" என்றார்.