இரண்டே முக்கால்

டிசம்பர் 8

டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்திருக்கிறார். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது கண் அசந்தது, ராத்திரி எத்தனை முறை விழிப்பு, விழித்தால் எவ்வளவு நேரம், காலையில் எழுந்தது எப்போது, கடைசிக் காபி எப்போது. இரண்டு வாரம் நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு எழுத வேண்டியிருப்பது அந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

டிசம்பர் 9

2.45.

டிசம்பர் 10

அதே நேரம். அலாரம் கிடையாது, சத்தம் கிடையாது, கெட்ட கனவுகூட இல்லை. கண் திறக்கும்போதே உடம்பு பாதி எழுந்துவிடுகிறது, கால் செருப்பைத் தேடுகிறது. அப்புறம்தான் கூடத்தில் அப்பாவின் கட்டில் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. மோட்டார் ஓடாத வீடு எனக்கு இன்னும் பழகவில்லை. படுத்த படுக்கையான அப்பாவுக்குப் புண் வராமல் இருக்கப் போட்ட அந்தக் காற்று மெத்தையில் ஒரு வரிசை உப்பும்போது அடுத்த வரிசை அடங்கும், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் மாறும், மாறும்போது உஸ் என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டால் கரண்ட் இருக்கிறது, அப்பா நன்றாக இருக்கிறார். இப்போது மெத்தையும் மோட்டாரும் அவரோடு கோயம்புத்தூரில், அண்ணன் வீட்டில்.

டிசம்பர் 12

மெத்தை இருக்கிறதே, எதற்குப் புரட்டிப் போட வேண்டும் என்று அங்கே நினைத்துவிட்டால்? கிளம்புகிற அன்றைக்கு வேன் பக்கத்தில் நின்று அண்ணனிடம் அத்தனையும் சொன்னேன். மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்ற வேண்டும். முழுசாக ஒருச்சாய்க்கக் கூடாது, இடுப்பு எலும்பு அழுந்தும்; முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துக் கொஞ்சமாகச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். இடது குதிகாலில்தான் எனக்குப் பயம். அங்கே ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு வந்து வந்து போகும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப்போய், பிறகு ரத்தம் திரும்பி வர வேண்டும். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே சதை கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு புண்தான், புண் வந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும். அண்ணன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். அவன் எப்போதுமே சரி என்றுதான் சொல்வான். 1 மணிக்கு மாற்றினால் 3 மணிக்கு மறுபடி எழ வேண்டும், அந்த 3 மணிதான் கஷ்டம், ஊரே அசந்து தூங்கும் நேரம், நான் இங்கே 2.45க்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், அங்கே யார் எழுந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 13

வாட்ஸ்அப்பில் அண்ணனின் லாஸ்ட் சீன் 11.20. இன்றும் 3 மணிக்கு யாரும் எழவில்லை.

(எழுந்தால் போனைத்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. தெரியும். ஆனாலும் பார்த்தேன், 3.05க்கு ஒருதரம், 3.30க்கு ஒருதரம்.)

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. நாலரைக்கே கோவிலில் ஒலிபெருக்கி போட்டுவிட்டார்கள். மற்ற வருடம் என்றால் எரிச்சல் வரும். இன்றைக்கு அந்தப் பாட்டு கேட்டதும் அப்பாடா என்று இருந்தது. இனி விடிந்த மாதிரிதான், எழுந்து கோலம் போடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 2.45க்கும் நாலரைக்கும் நடுவில் கிடக்கிற நேரத்தைத்தான் எப்படித் தள்ளுவது என்று தெரியவில்லை.

டிசம்பர் 19

மழை. ஓட்டில் விழுந்த சத்தத்தில் 5 மணிவரை தூங்கிவிட்டேன். எழுந்ததும் முதலில் வந்தது பயம்.

டிசம்பர் 22

தாளைக் கொடுத்தேன். டாக்டரம்மா கூட்டிப் பார்த்தார். ஒன்பதரையிலிருந்து ஐந்தரைவரை படுக்கையில் எட்டு மணி நேரம். தூங்கியது சராசரி ஐந்தரை. நூற்றுக்கு 69 வருகிறது, 85க்கு மேல் வர வேண்டுமாம். மாத்திரை வேண்டாம், முதலில் பழக்கத்தை மாற்றுவோம் என்றார். இனிமேல் ராத்திரி 12 மணிக்கு முன்னால் படுக்கக் கூடாது. எப்படித் தூங்கினாலும் ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். 85ஐத் தாண்டியதும் கால் மணி நேரம் முன்னால் படுக்கலாம், அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். விழித்து இருபது நிமிடம் ஆன மாதிரி தோன்றினால் படுக்கையை விட்டு எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில், சாதுவான ஒரு வேலை. தூக்கம் சொக்கும்போதுதான் திரும்ப வர வேண்டும். கடிகாரம் பார்க்கக் கூடாது. போன் கூடவே கூடாது. காபி மத்தியானத்தோடு சரி. குடித்து ஐந்து மணி நேரமானாலும் பாதி உடம்பிலேயே நிற்குமாம். முதல் இரண்டு வாரம் பகலில் தள்ளாட்டமாக இருக்கும், ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள் என்றார்.

ஏன் எப்போதும் அதே நேரத்தில் என்று கேட்டேன். ஆழ்ந்த தூக்கம் ராத்திரியின் முதல் பகுதியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுமாம், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று, பின்னிரவுச் சுற்றுகளில் தூக்கம் மெலிசு, எல்லாருக்குமே அங்கே லேசாக விழிப்பு வரும், புரண்டு படுத்து மறந்துவிடுவார்கள். "நீங்க அந்த நேரத்துக்கு ரெண்டு வருஷமா எழுந்து வேலை செஞ்சிருக்கீங்கம்மா. உடம்பு அதைப் படிச்சு வெச்சிருக்கு. மறக்க நாள் ஆகும்" என்றார்.

மறக்க வேண்டும் என்று எனக்கு ஆசையா என்பதை அவர் கேட்கவில்லை.

டிசம்பர் 24

12 மணிவரை உட்கார்ந்திருப்பது பெரிய கொடுமை. எல்லாரும் தூங்கியாயிற்று. பத்தரைக்கே கண் எரிகிறது, துணி மடித்தேன், அரிசி புடைத்தேன், மறுபடி துணி மடித்தேன்.

டிசம்பர் 25

2.45 என்றுதான் நினைக்கிறேன். கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். தெரு விளக்கு வெளிச்சத்திலேயே நேரம் தெரிந்துவிடுகிறது, என்ன செய்ய.

டிசம்பர் 27

மகள் அரையாண்டு லீவிலும் பப்ளிக் எக்ஸாமுக்குப் படிக்கிறேன் என்று 12 மணிவரை எனக்குத் துணை இருக்கிறாள். எங்கேயோ படித்ததைச் சொன்னாள். ரோஜர் எகிர்ச் என்று ஒரு அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர், பழைய கோர்ட் பதிவுகளையும் நாட்குறிப்புகளையும் புரட்டி 2001இல் எழுதினாராம்: மின்விளக்கு வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் நிறையப் பேர் இரண்டு தவணையாகத் தூங்கினார்கள். முதல் தூக்கம், நடுவில் கொஞ்ச நேரம் விழிப்பு, பிறகு இரண்டாம் தூக்கம். அந்த நடுநேரத்தில் ஜெபம் செய்வார்கள், அடுப்பைப் பார்ப்பார்கள், பக்கத்தில் படுத்திருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அதை ஒரு நோய் என்று யாரும் நினைக்கவில்லை. "அப்ப உனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள். அவர்களுக்கு இரண்டாம் தூக்கம் என்று ஒன்று வந்ததே. எனக்கு வரவில்லையே கண்ணு.

ஆனாலும் அவள் சொன்னது மனதுக்கு இதமாக இருந்தது. அப்பாவும் நானும் அந்த நேரத்தில் பேசியிருக்கிறோம். பக்கம் மாற்றி, துடைத்து, பவுடர் போட்டு, இரண்டு ஸ்பூன் வெந்நீர் கொடுத்த பிறகு அவருக்குத் தூக்கம் கலைந்திருக்கும். வாய் கோணி வருகிற வார்த்தைகளைப் பகலில் யாருக்கும் புரிந்துகொள்ளப் பொறுமை இருக்காது. ராத்திரி எனக்கு இருந்தது. சேரன்மகாதேவியில் ஆற்றில் நீந்திய கதை, வயலை விற்ற கதை. விற்ற கதையை மட்டும் கடைசிவரை சொல்ல மாட்டார்.

டிசம்பர் 30

வைகுண்ட ஏகாதசி. தெரு முழுக்க விளக்கு. எதிர்வீட்டு ஆச்சி வாசலில் உட்கார்ந்து கண் விழிக்கிறார்கள், பரமபதம் விளையாடுகிறார்கள், நானும் போய் உட்கார்ந்தேன். ராத்திரி விழித்திருக்கிறவள் என்று என்னை யாரும் பாவமாகப் பார்க்கவில்லை. அந்த நேரம் வந்ததும் போனதும் தெரியவில்லை.

ஜனவரி 2

மதினி போன் செய்தார்கள். அப்பாவுக்குச் சளி, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு, தானாகவே, ஒரு நோட்டைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அண்ணன் மகன் அருணுக்கு வாங்கிய பழைய கோடு போட்ட நோட்டு. தேதி, மணி, பக்கம். 11 இடது. 1 வலது. 3 மல்லாக்க. 5 இடது. நடுநடுவே குதிகால் என்று எழுதி பக்கத்தில் ஒரு டிக். 3 மணி வரிகளில் எழுத்து மட்டும் கோணல்மாணலாக, கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது, பாதித் தூக்கத்தில் எழுதினது. அவர்கள் அந்த நேரத்தில் போனையே தொடுவதில்லை. அண்ணன் தூங்குகிறான், மதினி எழுகிறார்கள்.

அந்த 3 மணி வரிகளை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 3

திருவாதிரை. அதிகாலை நெல்லையப்பர் கோவிலில் தாமிர சபை தரிசனம். களி செய்தேன். தூக்கம் பரவாயில்லை.

ஜனவரி 5

விழித்தேன், மதினி எழுந்திருப்பார்கள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். அதற்குப் பிறகு எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 6

இன்றைக்கு நோட்டுப் படம் வரவில்லை.

ஜனவரி 7

வரவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்று ஆகிவிடும். அவர்கள் எனக்குக் கணக்கு காட்ட வேண்டியதில்லை, அதுவும் தெரியும். ராத்திரி முழுக்க அந்தக் குதிகால்தான். வெளுத்ததா, வெளுக்கவில்லையா.

ஜனவரி 8

அண்ணனே கூப்பிட்டான். "ஏட்டி, தூங்குதியா இல்லியா? மதினி சொல்லுதா, நீ ராத்திரி பூரா ஆன்லைன்ல இருக்கியாம்." அவர்களும் பகலில் என் லாஸ்ட் சீனைப் பார்க்கிறார்கள்! வீடியோவில் குதிகாலைக் காட்டச் சொன்னேன். கட்டைவிரலால் அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். வெளுத்தது, திரும்பச் சிவந்தது. இன்னொருதரம் என்றேன். எதுவும் பேசாமல் இன்னொருதரம் அழுத்திக் காட்டினான்.

ஜனவரி 11

பொங்கல் முடிந்து 18ஆம் தேதி அப்பாவைக் கூட்டிவருகிறார்கள். வேனுக்குச் சொல்லியாகிவிட்டது. கட்டிலைக் கூடத்தில் ஜன்னல் பக்கம் போட வேண்டும், மோட்டாருக்கு இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் இழுக்க வேண்டும், எலெக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறார். 11 மணியும் 1 மணியும் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், 3 மணி எனக்கு, 5 மணி எப்படியும் நான் எழுந்துவிடுவேன். டாக்டரம்மாவிடம் 19ஆம் தேதிக்கு அப்பாயிண்ட்மெண்ட். இந்த 12 மணிக் கணக்கை இனிமேல் எப்படிப் போடுவது, 3 மணிக்கு எழுந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்க வேண்டும். மதினியிடம் அந்த நோட்டையும் கொடுத்துவிடச் சொல்ல வேண்டும், பாதிப் பக்கம் இன்னும் மிச்சம் இருக்கும்.