பயாலஜி பிடிக்கும்னு ஆரம்பிச்சு லேப் வரைக்கும் வந்த கதை

பயாலஜி பிடிக்கும்னு சொன்னாலே அப்போ டாக்டருக்கா படிக்கப் போறேன்னுதான் கேப்பாங்க, எனக்கு அந்தப் பக்கம் மனசே போகல. ஸ்கூல்ல மெண்டலோட பட்டாணிச் செடி பாடத்துல, ரெண்டு குணத்த ஒண்ணா வச்சுப் பார்த்தா பேரப்பிள்ளைத் தலைமுறைல 9:3:3:1னு ஒரு விகிதம் வரும்ல, அதுலதான் மாட்டிக்கிட்டேன். அந்த ரெண்டு குணத்துக்கான ஜீனும் ஒரே குரோமோசோம்ல இருந்தா இந்தக் கணக்கு எப்படி வரும்னு கேட்டா சிலபஸ்ல இல்லம்மான்னுட்டாங்க.

அப்புறம் படிச்சப்பதான் தெரிஞ்சுது, கிட்டத்தட்ட இதே கேள்விய வச்சுக்கிட்டு ஸ்டர்ட்டிவன்ட்னு ஒருத்தர், பழ ஈ வச்சு மரபியல் ஆராய்ச்சி பண்ணின மார்கனோட லேப்ல, அப்போ அவரே டிகிரி ஸ்டூடன்ட்தான், 1911ல காலேஜ் ஹோம்வொர்க்க ஓரங்கட்டிட்டு ஒரே ராத்திரில உலகத்தோட முதல் ஜீன் மேப்ப, அதாவது குரோமோசோம்ல எந்த ஜீன் எங்க இருக்குன்னு காட்டற படத்த, போட்டிருக்காரு, 1913ல அது பேப்பராவும் வந்துச்சு. இதப் படிச்சதும்தான் காலேஜ் படிக்கும்போதே லேப்ல நுழையலாம்ங்கற தைரியம் வந்துச்சு.

உடனே ப்ரொஃபசர்களுக்கு மெயில் போட ஆரம்பிச்சேன். உங்க ஆராய்ச்சி ரொம்பப் பிடிக்கும்னு பொதுவா எழுதினதுக்கெல்லாம் பதிலே இல்ல, ஒருத்தரோட பேப்பர முழுசா படிச்சுட்டு அதுல ஒரு படத்தப் பத்தி மட்டும் சந்தேகம் கேட்டேன், வந்து பாருன்னு பதில் வந்துச்சு.

போனா பழ ஈ லேப். முதல்ல குடுத்த வேலை ஈ வளர்க்கற குப்பி கழுவறது, அப்புறம் மைக்ரோஸ்கோப்ல ஆண் பெண் பிரிக்கறது, ஆணுக்கு வயித்து நுனி கருப்பா இருக்கும், முன்னங்கால்ல சீப்பு மாதிரி முடி இருக்கும். கிராஸ் போடணும்னா, அதாவது நாம தேர்ந்தெடுத்த ஆணையும் பெண்ணையும் இணை சேர்க்கணும்னா, அதுவரைக்கும் இணை சேராத பெண் ஈ வேணும், 25 டிகிரில வச்சா கூட்டுலேர்ந்து வெளிய வந்து சுமார் 8 மணி நேரத்துக்குள்ள பிரிச்சாகணும், அதனால காலைலயும் சாயங்காலமும் லேப்லயே கிடக்கணும், லீவு நாள்லாம் ஈக்குத் தெரியாது பாருங்க. முட்டைலேர்ந்து பெரிய ஈயாக சுமார் 10 நாள், அதுக்கப்புறம் உக்காந்து எண்ணணும், எண்ணிட்டு, வந்த எண்ணிக்கை எதிர்பார்த்த விகிதத்தோட ஒத்துப்போகுதான்னு பார்க்க கை-ஸ்கொயர்ங்கற (chi-square) புள்ளியியல் கணக்கு போடணும். எண்ணி முடிச்சு கணக்கு எதிர்பார்த்த மாதிரி வராதப்போ எனக்கு எரிச்சல் வரல, தூக்கம்தான் வரல, அப்பதான் சரி இது நம்ம வேலைதான்னு தோணுச்சு.

என்கூட சேர்ந்த ஃப்ரெண்டுக்கு ஈ வாடையே ஆகல, ஆனா டேட்டாவ குடுத்தா அவ விடமாட்டா, கோடிங் கத்துக்கிட்டு, உயிரியல் டேட்டாவ கம்ப்யூட்டர்ல அலசற பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம் போயிட்டா, இன்னிக்கு என் டேட்டாவுக்கே அவகிட்டதான் போய் நிக்கறேன்.

பி.எச்.டி. இன்டர்வியூல பாடத்துலேர்ந்து பெருசா எதுவும் கேக்கல. எக்ஸ்பெரிமென்ட் சொதப்பினா அடுத்து என்ன பண்ணுவே, இதுக்கு கன்ட்ரோல் என்ன, அதாவது எத வச்சு ஒப்பிட்டுப் பார்ப்பேன்னு விடாம குடைஞ்சாங்க. குப்பி கழுவின காலத்துல பார்த்தத வச்சேதான் பதில் சொன்னேன், பாதி கேள்விக்கு போர்டுல கிராஸ் வரைஞ்சு காட்டினேன், சீட் கிடைச்சுது. இப்பவும் ஈதான், ஆனா கேள்வி வேற, அதுங்க எப்போ தூங்கும் ஏன் தூங்கும்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.