கறிக்கடைக்கு வரும் முன் ஆடு அறுக்கும் தொட்டியைப் பாருங்கள்

கடையை மூடும் முன் அத்தா, அதாவது என் அப்பா, கறி வெட்டும் புளியமரக் கட்டையைக் கத்தியால் வழித்துச் சுரண்டுவார். வெந்நீர் ஊற்றித் தேய்ப்பார். அப்புறம் இரண்டு கை கல்லுப்பை அள்ளி மேலே பரப்பிவிடுவார். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு லேசாகச் சிவந்து கிடக்கும். இது அவருக்கு அவருடைய அத்தா சொல்லிக்கொடுத்தது.

2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் விதிகள் வந்தன. லைசென்ஸுக்கு எழுதிப்போடும்போதுதான் இறைச்சிக் கடைகளுக்கான பகுதியை முழுசாகப் படித்தேன். வியாபாரம் முடிந்ததும் வெட்டும் கட்டையின் மேல் கடல் உப்பைப் பரப்பி வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது! அத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அதனால் இந்தச் சட்டத்தின் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. சுவரில் ஐந்தடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினோம். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி வாங்கினோம். கத்தி கழுவ 82 டிகிரி வெந்நீர் வேண்டும் என்பதால் கடைக்குள்ளேயே அடுப்பு வைத்தோம். ரோட்டுப் புழுதியில் கறியைத் தொங்கவிட்ட காலம் போனது நல்லதுதான்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் நூறு ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம், அதைத் தாண்டினால் லைசென்ஸ் என்றுதான் பிரித்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஆடு, பத்து கிலோ கறி, கிலோ 800 ரூபாய் என்று வையுங்கள். முந்நூறு நாளில் 24 லட்சம் ஆகிவிடுகிறது. அதில் பெரும்பகுதி சந்தையில் ஆட்டுக்குக் கொடுத்த பணம். தோலுக்கும் இப்போது விலை இல்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அத்தா பெரிய வியாபாரி. ஆனால் கடையில் அவரும் தம்பியும் மட்டும்தான்.

அடுத்தது தொட்டி, அதாவது ஊருக்குப் பொதுவாக ஆடு அறுக்கும் இடம். கடைக்குள் ஆடு அறுக்கக் கூடாது, அனுமதி பெற்ற தொட்டியில் அறுத்து முத்திரை குத்திய கறியைத்தான் விற்க வேண்டும் என்கிறது விதி. ரொம்பச் சரி. ஆனால் எங்கள் ஊர்த் தொட்டியில் இருப்பது ஒரே குழாய். மேற்கூரை ஒரு பக்கம் ஒழுகுகிறது. கழிவுநீர் போக வழியில்லாமல், அறுத்த இடத்திலேயே ரத்தம் தேங்கி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கெல்லாம் அறுப்பு தொடங்கிவிடும், கறியைப் பார்த்து முத்திரை குத்தும் கால்நடை டாக்டர் வருவது ஆறரைக்கு. அதற்குள் கடை வாசலில், "பாய், அரைக்கிலோ தொடைக்கறி, கொஞ்சம் நெஞ்செலும்பு" என்று ஆட்கள் நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். முத்திரைக்குக் காத்திருந்தால் அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். காத்திருக்காமல் எடுத்து வந்தால் அபராதம் எங்களுக்கு. போன மாதம் அத்தா காத்திருந்தார், அன்றைக்குப் பாதிக் கறி மிஞ்சிப்போனது.

சோதனைக்கு வருகிறவர்கள் எங்கள் டைல்ஸை அளந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அந்த ஆடு அறுபட்ட தரையையும் ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லித்தான் கேட்கிறேன். கடையில் எவ்வளவு வெந்நீர் ஊற்றினாலும் தொட்டியில் ஒட்டிய அழுக்கு கறியை விட்டுப் போகாது.

எங்கள் தெருவில் ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். இன்னும் நாலு குழாய், ஒழுகாத கூரை, கழிவுநீர் போக ஒரு வாய்க்கால், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே டாக்டர். திங்கட்கிழமை அத்தாவும் நானும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.