மூன்றாவது எலிமென்ட் கருகவில்லை: டாடா 697-இல் பிளாக் ஹீட்டர்

பிளாக் ஹீட்டர் என்பது குளிரில் எஞ்சின் கிளம்புவதற்காக, எஞ்சின் பிளாக்குக்குள் இருக்கும் கூலண்ட்டைக் கரண்ட்டில் சூடாக்கும் எலிமென்ட். இரண்டு எலிமென்ட் கருகிப் போன பிறகு மூன்றாவது ஒழுங்காக வேலை செய்கிறது. 230 வோல்ட், 1,000 வாட். பிளாக்கின் பக்கவாட்டு ஓட்டையை அடைக்கும் வெல்ச் பிளக் என்ற தட்டைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையிலேயே உட்காரும் வகை. டெல்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் லோடுக்காக நிற்கும் நாமக்கல் லாரி. எஞ்சின் டாடா 697, 6 சிலிண்டர், 5,675 சிசி. விடியற்காலை 5 டிகிரியில் 3 மணி நேரம் கரண்ட் கொடுத்ததும் சிலிண்டர் ஹெட் 36 டிகிரிக்கு வந்தது. செல்ஃப் தொட்டதும் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை ஒரு மூச்சு வந்து நின்றுவிட்டது.

டெல்லியின் 5 டிகிரிக்கு ஹீட்டர் தேவையா என்றால், கம்ப்ரெஷனும் பேட்டரியும் நன்றாக இருக்கும் வண்டிக்குத் தேவையில்லை. ஜனவரி டெல்லி வெறும் ஒத்திகைதான். அடல் சுரங்கப்பாதை 2020-இல் திறந்த பிறகு லாரி குளிர்காலத்திலும் இமாச்சல் மலையில் லாஹௌல் பக்கம் போகிறது. அங்கே கேலாங் ஊரில் ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் கிளம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது, அழுத்திய காற்றின் சூடுதான் எரிபொருளைப் பற்ற வைக்கிறது. உறைந்து கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆயில் கெட்டியாகி கிராங்க் மெதுவாகச் சுற்றுவதால் ரிங் வழியாகக் காற்று கசியவும் நேரம் கிடைக்கிறது. பேட்டரிக்கும் அதே நேரத்தில்தான் பலம் குறைகிறது. மைனஸ் 18 டிகிரியில் லெட் ஆசிட் பேட்டரியின் இழுவை கிட்டத்தட்ட பாதி.

எலிமென்ட் ஏன் கருகியது என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம். மட்டமான சரக்கு என்று முதலில் நினைத்தது தவறு. இரண்டு முறையும் காரணம் ஏர் லாக், அதாவது கூலண்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட காற்று. எலிமென்ட்டின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் சுற்றி ஒரு கைப்பிடி காற்று நின்றால் போதும், சில நிமிஷத்தில் குழாய் சிவந்து வெடிப்பு விடும். உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் குடிக்கும், அடுத்த முறை பிளக் சொருகினால், கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஆர்சிசிபி சுவிட்ச் விழும். முதல் எலிமென்ட் கூலண்ட் ஊற்றிய கையோடு "சூடாகிறதா பார்ப்போம்" என்று போட்டதில் போயிற்று. இரண்டாவதற்குப் பொறுமையாகவே ஊற்றியும் போயிற்று. கூலண்ட் சூடானால் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டின் வாயைக் கழற்றிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: வால்வின் தட்டில் காற்று வெளியேற ஆடிக்கொண்டு கிடக்கும் சின்ன ஊசி, உப்பு படிந்து ஒட்டிக் கிடந்தது. பிளாக்குக்குள் மாட்டிய காற்றுக்குப் போக வழியே இல்லை. உப்பு எப்படி வந்தது? வருஷக்கணக்காக ரேடியேட்டரில் போர் தண்ணீர்!

ஆகவே ஊற்றும் முறை இப்போது இப்படி. வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்க வேண்டும், ரேடியேட்டர் வாய்தான் எல்லாவற்றுக்கும் மேலே. தெர்மோஸ்டாட் மாற்றும்போது ஊசியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஹவுசிங் பக்கவாட்டில் நிற்கும் எஞ்சினில் ஊசி மேல்பக்கம் வரும்படி வையுங்கள். ஹெட்டில் இருக்கும் டெம்பரேச்சர் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையைத் திறந்தே விடுங்கள். கூலண்ட்டும் உப்பு நீக்கிய டீமினரலைஸ்டு தண்ணீரும் சரிபாதி கலந்து மெதுவாக ஊற்றுங்கள், மொத்தம் 20 லிட்டர் என்றால் அரை மணி நேரம் பிடிக்கட்டும். சென்சார் ஓட்டையில் குமிழி இல்லாமல் வழிந்த பிறகே அதை மூடுவது. பிறகு எஞ்சினை ஓட்டி, மேல் ஹோஸ் சுடும்வரை, அதாவது தெர்மோஸ்டாட் திறக்கும்வரை விட்டு அணைக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஆறிய பின் பார்த்தால் இன்னும் ஒரு லிட்டர் கேட்கும், கேட்டது. அதை ஊற்றிய பிறகுதான் ஹீட்டருக்கு முதல் கரண்ட். காதை வைத்துக் கேட்டால் அடுப்பில் தண்ணீர் சுடும் முணுமுணுப்பு வரலாம், அது சரி. சடசடவென்று வெடிக்கிற சத்தம் வந்தால் அந்த நொடியே பிளக்கைப் பிடுங்குங்கள்.

கூலண்ட்டைத் தண்ணீர் கலக்காமல் முழுசாக ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். சுத்த எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கும், சரிபாதி கலவை ஏறக்குறைய மைனஸ் 37 வரை தாங்கும்.

பொருத்துவதில் தவறு நடக்கும் இடங்கள்: ரேடியேட்டர் டிரெயினை மட்டும் திறந்தால் பிளாக்கில் தண்ணீர் அப்படியே நிற்கும், பிளாக்கின் டிரெயின் காக்கையும் திறக்க வேண்டும். வெல்ச் பிளக்கின் நடுவில் அடிக்காமல் ஓரத்தில் தட்டினால் தட்டு திரும்பும், பிளையரால் இழுத்துவிடலாம். உட்காரும் இடத்தை எமரி தாளால் வட்டமாகவே தேய்க்க வேண்டும், உள்ளும் வெளியுமாக இழுத்த ஒரு கீறல் போதும் கசிவதற்கு. ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். எலிமென்ட் சிலிண்டர் சுவரைத் தொடாமல் இருக்கிறதா என்று இறுக்குவதற்கு முன் அசைத்துப் பார்க்க வேண்டும். இறுக்கும் டார்க் (முறுக்கு அளவு) பெட்டியில் அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் போனால் உள்ளே பிடிக்கும் கட்டை வளைந்துவிடும்.

சாமான் வாங்க டெல்லியின் வண்டிச் சாமான் சந்தையான காஷ்மீரி கேட் போகிறவர்கள் பழைய வெல்ச் பிளக்கையும், அளக்க வெர்னியரையும் கையோடு கொண்டு போங்கள். எஞ்சின் பெயரைச் சொன்னாலே சைஸ் எடுத்துக் கொடுப்பார்கள், ஆனால் அரை மில்லிமீட்டர் தவறினாலும் உட்காராது. கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம்: 1,000 வாட்டுக்கு சுமார் 53 ஓம், 750 வாட்டுக்கு சுமார் 70. வயர், டைமர், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி எல்லாம் பாகீரத் பேலஸ் எலெக்ட்ரிக்கல் சந்தையில். 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ரப்பர் கேபிள் 20 மீட்டர் போதும், ஹீட்டர் இழுப்பது நாலரை ஆம்பியர்கூட இல்லை. ஆனால் எர்த் கட்டாயம். ஈரத்தில் டயர் மேல் நிற்கும் இரும்பு வண்டிக்கு 230 வோல்ட் கொடுக்கிறோம், இரண்டு பின் பிளக்கில் ஒட்டுப்போடுவது உயிரோடு விளையாடுவது.

எத்தனை மணி நேரம் என்பதற்குக் கணக்கு உண்டு. சூடேற வேண்டியது 400 கிலோ இரும்பு, 20 லிட்டர் கூலண்ட், 14 லிட்டர் ஆயில் என்று வைத்தால், 30 டிகிரி ஏற்ற சுமார் 2.3 யூனிட். காற்றில் போகும் சூட்டையும் சேர்த்தால் 3 யூனிட், அதாவது 3 மணி நேரம். ராத்திரி முழுக்கப் போட்டால் வீண். ஏறுகிற சூடும் இறங்குகிற சூடும் ஒரு கட்டத்தில் சமமாகி அங்கேயே நின்றுவிடும். ரேடியேட்டர் முகத்துக்கும் பானட்டுக்கும் கனமான போர்வை போட்டது நல்ல பலன் கொடுத்தது. கிளம்பும் முன் எடுக்க மறக்கக்கூடாது.

எஞ்சின் சூடாக இருந்தும் டீசல் வரவில்லையென்றால் ஒன்றும் நடக்காது. டீசலுக்கான இந்திய தரமான ஐஎஸ் 1460-இன்படி டீசல் ஃபில்டரை அடைக்கும் வெப்பநிலை கோடையில் அதிகபட்சம் 18 டிகிரி, குளிர்காலத்தில் 6 டிகிரி. தெற்கே நிரப்பிய டேங்கோடு மலை ஏறினால் ஃபில்டரில் மெழுகு கட்டும். அதற்கு பிளாக் ஹீட்டர் எதுவும் செய்யாது. இந்தியன் ஆயில் 2019-இல் லடாக்குக்கென்று பானிபட் ஆலையிலிருந்து மைனஸ் 33 டிகிரி வரை இளகி ஓடும் டீசலைக் கொண்டுவந்தது, கிடைக்கும் இடத்தில் அதையே நிரப்புங்கள். மண்ணெண்ணெய் கலப்பது சட்டப்படியும் தப்பு, வழவழப்பு குறைந்து பம்ப்பும் தேயும். டேங்குக்கு அடியில் துணி கொளுத்தும் பழக்கத்தை எப்படியாவது நிறுத்த வேண்டும். பக்கத்திலேயே ஓடும் நைலான் ஏர் பைப் இளகினால் பிரேக் போய்விடும்.

ஆயில் சேம்பருக்கு 250 வாட் சிலிக்கான் பேட் ஒட்டும் வேலை இன்னும் பாதியில்தான் இருக்கிறது. ஓரம் கிளம்பி வந்துவிட்டது, காரணம் பெயின்ட் மேலேயே ஒட்டியது. சுரண்டி இரும்பு தெரிய வைத்து, தின்னரால் துடைத்து, ஒட்டிய பிறகு ஓரம் முழுக்க ஆர்டிவி சிலிக்கான் பசை பூசி 24 மணி நேரம் காயவிட வேண்டும். கரண்ட்டே இல்லாத நிறுத்தத்துக்கு 24 வோல்ட்டில் ஓடும், டீசலையே எரித்து கூலண்ட்டைச் சூடாக்கும் 5 கிலோவாட் ஹீட்டர் பார்த்து வைத்திருக்கிறது. அதன் புகைக்குழாயை எந்தப் பக்கம் இறக்கினால் கேபினுக்குள் புகை வராது என்பதற்கு இந்த வாரம் சேசிஸுக்கு அடியில் அளவெடுக்க வேண்டும்.