வரத்தும் திறப்பும்

காலை ஆறு மணி. எடை மெஷினில் ஏறி நின்ற அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு தம்பி?”

“64.6.”

“நல்லதுதானே, உடம்பு தேறுது.”

முந்தாநாள் 62.4. எங்கள் மன்னார்குடிப் பக்கம் எடை ஏறினால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் இது சோற்றில் ஏறிய எடை இல்லை, நீர். இதயம் பலவீனமானால் உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கிவிடும். பெரும்பாலும் கால் வீங்கும் முன்பே, மூச்சு வாங்கும் முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே சொல்லுங்கள் என்றிருந்தார் டாக்டர்.

போன் போட்டேன். நீர் மாத்திரையை மாற்றிச் சொன்னார்.

“தினம் நிறுத்துப் பார்க்க நான் என்ன நெல் மூட்டையா?” என்று மாதக்கணக்கில் முரண்டு பிடித்தவர் அப்பா. பிடிவாதம் என்று நினைத்து நானும் சத்தம் போட்டிருக்கிறேன். அது பயம். அந்த மூடிய கண்ணைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பேப்பர் வந்ததும் முதலில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிற மனிதர். 120 அடியில் இன்று எவ்வளவு, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு, எல்லாம் மனப்பாடம்.

போன மாதம் கேட்டேன்: “வரத்து கூடி, திறப்பு குறைஞ்சா என்னப்பா ஆகும்?”

பதில் சொல்லவில்லை. மறுநாள் பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், தானே வந்து மெஷினில் நின்றார்.

இன்று காலண்டரில் அவரே பென்சிலால் எழுதினார். மேலே மேட்டூர், கீழே 64.6.

மத்தியானம் சாப்பிடும்போது நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை என் பக்கம் தள்ளி வைத்தார்.