ஹன்னா செனெஷ்: தேதிவாரியாகச் சில குறிப்புகள்

மார்ச் 14

ஹன்னா ஹங்கேரியில் பிறந்து பாலஸ்தீனத்தில் குடியேறிய யூதப் பெண். இரண்டாம் உலகப் போரில் உளவுப் பணிக்கு அனுப்பப்பட்டவர். 1944-ல் இதே நாளையொட்டிய இரவில்தான் அவர் யூகோஸ்லாவியாவில் பாராசூட்டில் குதித்தார். வயது 22. பதிவேட்டில் பிரிட்டிஷ் விமானப்படையின் மகளிர் துணைப்படை. நடைமுறையில் இரண்டு எஜமானர்கள். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகளைத் தப்பவைக்கும் வழி பிரிட்டிஷாருக்கு வேண்டும். ஹங்கேரி யூதர்களிடம் ஒரு ஆளாவது போய்ச் சேர வேண்டும் என்பது பாலஸ்தீன யூதத் தலைமையின் கணக்கு.

குதிப்புப் பயிற்சி பாலஸ்தீனத்தின் ரமாத் டேவிட் விமானத்தளத்தில். இந்த வகைப் பாராசூட்டைக் குதிப்பவர் கையால் திறப்பதில்லை. விமானத்தில் கொக்கி மாட்டிய பட்டை, ஆள் விழும் வேகத்திலேயே குடையை உருவிவிடும். ஆகவே 200 மீட்டருக்கும் குறைவான உயரத்திலிருந்தே உளவாளிகளை இறக்குவது வழக்கம். உயரம் கூடினால் காற்று குழுவையே சிதறடிக்கும். மிகவும் தாழ்ந்தால் குடை முழுதாக விரிய நேரம் கிடைக்காது.

மார்ச் 19

குதித்த சில நாட்களில் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் புகுந்தது. திட்டம் தீட்டியபோது ஹங்கேரி ஹிட்லரின் கூட்டாளி மட்டுமே, ஆக்கிரமிக்கப்பட்ட நாடல்ல. அந்த அடிப்படையே போய்விட்டது. எல்லையைத் தாண்டக் காத்திருந்த காலமெல்லாம் யூகோஸ்லாவியக் கெரில்லாக்களோடு காட்டிலும் மலையிலும் கழிந்தது.

ஜூன் 9

ஜூன் தொடக்கத்தில் எல்லையைக் கடந்தார். உடனேயே ஹங்கேரிய ஜெண்டார்ம்களிடம் (ராணுவ பாணிக் காவல்படை) பிடிபட்டார். காட்டிக்கொடுத்தது வானொலிக் கருவி.

உளவாளிக்கு அதைவிட ஆபத்தான சாமான் கிடையாது. துணிமணிக்கும் பொய்ச் சான்றிதழுக்கும் ஏதாவது கதை சொல்லித் தப்பலாம். செய்தி அனுப்பும் கருவிக்கு எந்தக் கதையும் எடுபடாது. விசாரித்தவர்கள் அடித்துக் கேட்டது சங்கேதக் குறியீட்டை. அது கிடைத்தால் அவர் பெயரிலேயே பொய்ச் செய்தி அனுப்பி, அடுத்து வருபவர்களையும் வலையில் விழவைக்கலாம். நெதர்லாந்தில் ஜெர்மானியர் இதே உத்தியால் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்திருந்தார்கள். ஹன்னா குறியீட்டைச் சொல்லவில்லை. புடாபெஸ்டில் இருந்த தாய் கத்தலினையும் கைதுசெய்து, மகளின் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்போதும் சொல்லவில்லை.

அவர் எல்லை தாண்டும்போதே ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. மே 15 முதல் ஜூலை 9 வரை சுமார் 4,37,000 யூதர்கள் ஹங்கேரியிலிருந்து நாடுகடத்தப்பட்டார்கள், பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. இரண்டு மாதம் முன்னால் உள்ளே போயிருந்தாலும் ஒரு கருவியை வைத்துக்கொண்டு இதைத் தடுத்திருக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். அவரை மீட்பராகக் காட்டும் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

ஜூலை 17

பிறந்தநாள். 1921, புடாபெஸ்ட். தந்தை பேலா நாடகாசிரியர். மகள் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். மதப்பிடிப்பில்லாத, வசதியான வீடு. பள்ளி இலக்கியச் சங்கத்தில் பொறுப்புக்குத் தேர்வானார். யூதப் பெண்ணுக்கு அந்தப் பதவி கூடாது என்று மறுத்தார்கள். யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் கோரிய சியோனிசத்தின் பக்கம் அவர் திரும்பியதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்வார்கள்.

செப்டம்பர்

1939 செப்டம்பரில் பாலஸ்தீனம் வந்து சேர்ந்தார். போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்த மே மாதம் வெளியான பிரிட்டிஷ் வெள்ளை அறிக்கை, அதாவது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டனின் கொள்கை அறிவிப்பு, ஐந்தாண்டுக்கு 75,000 யூதக் குடியேறிகள்தான் என்று வரம்பு கட்டியிருந்தது. நஹலால் பெண்கள் விவசாயப் பள்ளியில் இடம் கிடைத்ததால் அனுமதி வந்தது. அங்கே இரண்டாண்டுப் படிப்பு. பிறகு கடலோரம் ஸ்தோத் யாம் கிப்புத்ஸில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு) சலவை வேலை. நாட்குறிப்பை ஹங்கேரிய மொழியிலிருந்து ஹீப்ருவுக்கு மாற்றிக்கொண்டார்.

அக்டோபர் 28

1944-ல் இந்நாளில் ராணுவ நீதிமன்ற விசாரணை. குற்றச்சாட்டு தேசத்துரோகம். இரண்டு வாரம் முன்புதான் ஹங்கேரிய நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சி ஆட்சியைப் பிடித்திருந்தது. சோவியத் செஞ்சேனை புடாபெஸ்டை நெருங்கிக்கொண்டிருந்தது. தீர்ப்பு அன்று சொல்லப்படவில்லை, தள்ளிவைத்தார்கள்.

நவம்பர் 7

தீர்ப்பு அறிவிக்கப்படாமலேயே சுட்டுக் கொன்றார்கள். கருணை மனு கொடுக்க மறுத்திருந்தார். வயது 23.

பாலஸ்தீனத்திலிருந்து இப்படி அனுப்பப்பட்டவர்கள் மூன்று டஜனுக்குச் சற்று மேல். அவர்களில் ஏழு பேர் உயிரோடு திரும்பவில்லை. ஹன்னாவின் உடலை 1950-ல் எருசலேமின் ஹெர்ஸல் மலைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஹங்கேரி ராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது 1993-ல்.