நாலு வெள்ளை வேட்டியும் கோணேசர் கடலும்

திருகோணமலை சுவாமி மலையில விடியப்புறம் எடுத்த படங்களை, இருட்டறைக்குள்ள நாலு வெள்ளை வேட்டி தொங்கவிட்டு புரொஜெக்டரால விழுத்தினேன். நடுவில நின்றால் சுத்திவரக் கடல்.

1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலை வரையச் சொல்லி செயற்கை நுண்ணறிவிட்டக் கேட்டேன். தஞ்சாவூர்க் கோபுரம் மாதிரி ஒன்றைத் தந்தது. பார்த்துப் படித்த படங்களில இருந்துதானே அது வரையும். கமரா வர முதலே இடிபட்ட எங்கட கோயிலுக்கு ஏது படம்? இருந்தாலும் அந்தக் கோபுரத்தையும் கடலுக்கு மேல விழுத்தினேன்.

அம்மம்மா உள்ள வந்தா. கோபுரத்தை நிமிர்ந்தும் பார்க்கேல்லை. 1956இல் சுழியோடிகள் கோயில் இடிபாடுகளைக் கண்ட அந்தக் கடலைப் பார்த்துக் கும்பிட்டா. "இதுக்குள்ளதானே தம்பி அப்பன் இவ்வளவு காலமும் கிடந்தவர்."

எனக்குத் தொண்டை அடைச்சிட்டுது. கோபுரத்தை அழிச்சிட்டன். இப்ப கடல் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாங்கோ. செருப்பை வாசலிலயே விட்டிட்டு.